மண்கோட்டையைத் தேடி ஒரு மவுஸ் பயணம்

கோட்டை என்றதும் உங்கள் மனதில் எந்தப் படம் வருகிறது? செஞ்சியா, வேலூரா, திண்டுக்கல் மலையா? அல்லது ஆங்கிலப் படங்களில் வரும் கருங்கல் கோபுரமும் அகழியும் தொங்குபாலமுமா? இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரின் பாழடைந்த மடத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், வீட்டில் உட்கார்ந்தபடியே ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலைத் திறந்து ஊர்ப் பெயரை டைப் செய்தால் போதும். சுமார் 4 லட்சம் கட்டடங்களும் இடங்களும் அதில் பதிவாகியுள்ளன. கட்டிய காலம், மாற்றிய காலம், வரைபடத்தில் இருக்கும் இடம் எல்லாம் வந்துவிடும்.

இப்போது 'வாசுதேவநல்லூர் கோட்டை' என்று டைப் செய்து பாருங்கள். நாலு வரிக் குறிப்பு வரும். அதே நாலு வரி நாற்பது வெப்சைட்களில் வரும். ஒரு தளத்தில் இருக்கும் எழுத்துப் பிழைகூட அடுத்ததில் அப்படியே இருக்கும்!

சங்கரன்கோவிலைச் சுற்றி இருந்த கோட்டைகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்றும் பூலித்தேவரின் கோட்டைகள். களிமண்ணில் வைக்கோல் கலந்து பிசைந்து, அடுக்கடுக்காக உயர்த்தி, ஒவ்வோர் அடுக்கையும் வெயிலில் காயவிட்டுக் கட்டுவார்கள். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பீரங்கிக் குண்டு பட்டால் கல் மதில் உடைந்து சிதறும். மண் மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். இடிந்த இடத்தை ஒரே இரவில் அடைத்தும் விடலாம். 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்ததும், இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பி நிறுத்தியது இதனால்தான்.

ஆனால் மண்கோட்டைக்கு ஒரு குறை உண்டு. கைவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். போதாக்குறைக்கு 1799-ல் மேஜர் பானர்மேன், பாளையக்காரர்கள் எல்லோரும் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. நெற்கட்டும்செவலில் நிற்பதும் நம் காலத்தில் எழுப்பப்பட்ட நினைவு மாளிகைதான். பழைய மதில் எந்த வழியாகப் போனது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். மேடாகக் கிடந்த நிலங்கள் வீட்டு மனைகளாகின்றன. எனவே இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. இதற்குத் தொல்லியல் பட்டம் தேவையில்லை. இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரும், ஞாயிற்றுக்கிழமை மதியங்களும் போதும்.

முதலில் எதிரியின் புத்தகத்தைத் திறப்போம்

பூலித்தேவர் காலத்துப் போர்களை அப்போதே எழுதி அச்சிட்டவர் ராபர்ட் ஓர்ம். கம்பெனியின் சென்னைக் கவுன்சிலில் 1754 முதல் 1758 வரை உறுப்பினராக இருந்தவர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தின் முதல் தொகுதி 1763-லும் இரண்டாம் தொகுதி 1778-லும் லண்டனில் வெளிவந்தன. அடுத்தது பிஷப் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு, 1881. மூன்றாவது எச்.ஆர்.பேட் தொகுத்த திருநெல்வேலி கெசட்டியர், 1917. காப்புரிமைக் காலம் முடிந்த இந்தப் புத்தகங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பி.டி.எப். பைலாக டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

டவுன்லோட் செய்து முடித்ததும் எல்லோரும் செய்வது, கன்ட்ரோல் மற்றும் எஃப் கீகளை அழுத்தி 'வாசுதேவநல்லூர்' என்று ஆங்கிலத்தில் தேடுவதுதான். ஒன்றும் கிடைக்காது. கோபப்பட்டு மூடிவிடாதீர்கள். ஓர்ம் அந்த ஊரை எழுதும் விதம் 'வாஷிநெலூர்'! நெற்கட்டும்செவல் அவருக்கு 'நெல்லிடங்கவில்'. திருநெல்வேலி 'டின்னெவெல்லி'. பாளையக்காரர் 'பாலிகர்'. துபாஷி சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், வேறென்ன!

சரி, வாஷிநெலூர் என்று தேடினாலாவது வருமா? அங்கேதான் இன்னொரு சிக்கல். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில், சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்தை நீளமாக, கிட்டத்தட்ட எஃப் போலவே அச்சிடுவார்கள். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். சாப்ட்வேர் அதைப் பல இடங்களில் எஃப் என்றே படித்துவிடுகிறது. ஆகவே வாஷிநெலூர் என்ற பெயரில் எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் கிடைக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், ஓர்மின் புத்தகம் 1861-ல் சென்னையில் மறுபதிப்பானது, அந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீள எஸ் வழக்கொழிந்துவிட்டது.

கால்டுவெல் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி. ஓர்ம் சிதைத்து எழுதிய ஊர்ப் பெயர்கள் பலவற்றை எடுத்து, இது இன்ன ஊர் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போகிறார். ஆகவே முதலில் கால்டுவெல், பிறகு ஓர்ம் என்ற வரிசையில் படியுங்கள். ஒரு எக்ஸெல் ஷீட்டில் இன்றைய பெயர், பழைய பெயர், புத்தகம், பக்கம் என்று நான்கு காலம் போட்டு எழுதி வந்தால், மாதக் கடைசியில் உங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு பெயர் அகராதி தயாராகிவிடும்.

எங்கள் ஊருக்கே பழைய பதிவுகளில் பெயர் சங்கரநயினார்கோயில். தாலுகா பெயரும் அதுதான். மாவட்டமும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை நாங்கள் திருநெல்வேலி. பக்கத்துக் கழுகுமலை 1986-ல் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் 1910 வரை திருநெல்வேலியில்தான் இருந்தன. பழைய புத்தகத்தைத் தேடும்போது இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுவது நல்லது.

1755-ல் நடந்தது என்ன?

புத்தகம் கையில் வந்ததும் ஒரு பரிசோதனை செய்து பார்ப்போம். '1755-ல் பூலித்தேவர் கர்னல் ஹெரானைத் தோற்கடித்து விரட்டினார்' என்று செல்போனில் அடிக்கடி செய்தி வருகிறது. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 'அங்கே பெரிய சண்டையே நடக்கவில்லை, வெள்ளைக்காரன் தானாகத் திரும்பிப் போனான்' என்பது அவர்கள் வாதம்.

ஓர்ம் சொல்வது இது. ஹெரான் படையோடு நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கப்பம் கேட்கிறார். மதிலை உடைக்கக்கூடிய பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை. உணவும் குறைந்துகொண்டே வருகிறது. உள்ளே இருப்பவருக்கு இது தெரிந்திருக்கிறது. பணம் தர மறுக்கிறார். படை திரும்பிப் போகிறது. ஹெரான் சென்னைக்குப் போனதும் ராணுவ விசாரணையில் நிறுத்தப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மதுரைக்குப் பக்கத்தில் கோயில் சிலைகளை எடுத்துச் சென்றதும், நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையைத் தாக்கியதும் தனிக் கதை.

இதில் எது சரி? என் கருத்து, இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். மதிலுக்கு வெளியே நின்றவர் 'பீரங்கி போதவில்லை, திரும்பினோம்' என்று எழுதினார். மதிலுக்கு உள்ளே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் 'விரட்டினோம்' என்கிறார்கள். கோட்டை விழவில்லை, கப்பம் கொடுக்கப்படவில்லை. இவ்வளவும் எதிரியின் புத்தகத்திலேயே இருக்கிறது. இதைப் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுவது, ஆயிரம் பேருக்கு பார்வர்ட் செய்வதைவிடப் பலமானது.

பிறகு நடந்ததும் இப்படித்தான் கிடைக்கிறது. 1759 கடைசியில் யூசுப்கான், அதாவது மருதநாயகம், வாசுதேவநல்லூரைத் தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பியதை ஓர்மின் இரண்டாம் தொகுதியில் படிக்கலாம். அந்தக் கோட்டையின் அமைப்பை அவர் விவரிக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள். 1761-ல் கோட்டைகள் யூசுப்கான் வசமாயின. 1764 அக்டோபரில் அதே யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பூலித்தேவர் திரும்பி வந்தார். 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரைப் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் கொட்டும் மழையில் தப்பிச் சென்றனர்.

இன்னொரு சுவையான தற்செயல்: இந்தியாவை அளந்து வரைபடம் போடும் சர்வே ஆஃப் இந்தியா தன் பிறந்த வருடமாகச் சொல்வதும் 1767-ஐத்தான்.

வானத்திலிருந்து ஒரு பார்வை

அந்த சர்வே ஆஃப் இந்தியாவிடமிருந்துதான் அடுத்த உதவி. அதன் ஆன்லைன் மேப்ஸ் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், 1:50,000 அளவிலான ஓபன் சீரீஸ் வரைபடங்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, கோவில் எல்லாம் தெளிவாகத் தெரியும். 1950-களின் நிலவரம் வேண்டுமா? அமெரிக்க ராணுவ மேப் சர்வீஸ் அப்போது அச்சிட்ட 1:2,50,000 வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து தன் தளத்தில் வைத்திருக்கிறது. இதில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்பதால் மதிலைத் தேட முடியாது. பழைய சாலை எந்தப் பக்கமாகப் போனது என்று பார்க்க உதவும்.

இப்போது கூகுள் எர்த் ப்ரோ சாப்ட்வேரை உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு காலத்தில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த இது 2015 முதல் இலவசம். ஆட் மெனுவைத் திறந்து இமேஜ் ஓவர்லே என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஸ்கேன் செய்த வரைபடத்தின் படப் பைலைக் காட்டுங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் அது வந்து உட்காரும். சுற்றிலும் தெரியும் பச்சைக் கோடுகளை மவுஸால் இழுத்து, மாறாமல் நிற்கும் இரண்டு மூன்று அடையாளங்களைப் பொருத்துங்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கோபுரத்தைப் போல வசதியான அடையாளம் வேறில்லை. சங்கரநாராயணர் கோவில் ராஜகோபுரம் 9 நிலை, 125 அடி. காலை நேரத்தில் எடுத்த படம் என்றால் அதன் நிழலே ஒரு தெருவுக்கு நீண்டு கிடக்கும்! கண்மாய்க் கரை, மலை உச்சி, ரயில் பாதை ஆகியவையும் பயன்படும். ரோடு வேண்டாம், அது அகலமாகிவிடும், திரும்பிவிடும். பொருத்தியபின் டிரான்ஸ்பரன்ஸி பட்டியை அங்குமிங்கும் நகர்த்தினால் பழைய ஊரும் புதிய ஊரும் மாறி மாறித் தெரியும்.

மேலே கடிகாரம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் அந்த இடத்தின் முந்தைய வருடப் படங்கள் வரிசையாக வரும். எந்த வருடம் முதல் தெளிவான படம் இருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். இன்று கான்கிரீட் கூரைகளுக்கு அடியில் போய்விட்ட மேடு, பழைய படத்தில் வெறும் மேடாகவே கிடக்கும்.

எதைப் பார்ப்பது? மண்கோட்டையில் மதிலைவிட அகழியைத் தேடுவது எளிது. தூர்ந்துபோன அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அதன் மேல் வளரும் பயிர் கோடையிலும் கொஞ்ச நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்கும். 2018 கோடையில் பிரிட்டன் வறண்டபோது, மறைந்துபோன எத்தனையோ பழைய குடியிருப்புகளின் கோடுகள் வயல்களில் இப்படித்தான் தெரிந்தன. நம் ஊரில் மழை முடிந்த மார்கழிப் படத்தையும், காய்ந்த சித்திரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வரப்புகள் நேராக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஏன் வளைகிறது? தெரு ஏன் காரணமில்லாமல் திரும்புகிறது? அங்கே ஒரு மஞ்சள் பின் குத்தி வையுங்கள். அது கோட்டைதான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பழைய செங்கல் சூளையாகவும் இருக்கலாம், வாய்க்காலாகவும் இருக்கலாம்.

சந்தேகம் வந்த இடத்துக்கு அரசின் நிலப் பதிவேட்டையும் பாருங்கள். பட்டா, சிட்டா பார்க்கும் அதே தமிழக அரசு இணைய தளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கின்றன. நத்தமா, புறம்போக்கா, கண்மாயா, கோவில் நிலமா என்று சர்வே எண் வாரியாகத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுமனை வாங்கப் போகிறவர்கள் மட்டும்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று சட்டமா என்ன!

கழுகுமலையும் வட்டெழுத்தும்

மண் போனாலும் கல் நிற்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை ஒரு பஸ் பயண தூரம்தான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையைக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோவில் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே பாறைச் சரிவு முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் ஊரும் பேரும். நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள்!

நின்று பார்த்தால் நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் அவற்றின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் (1925) நாம் படிக்கிற தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதன் ஸ்கேனும் இன்டர்நெட்டில் கிடைக்கிறது. இங்கும் பெயர்ப் பிரச்சினைதான். கல்வெட்டில் ஊரின் பெயர் நெச்சுரம், மலையின் பெயர் அரைமலை. சிலைகளைச் செய்வித்தவர்களில் குரத்தியார் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முந்தைய பெண்களின் பெயர்கள் கல்லில் இப்படி வரிசையாக நிற்பதைப் படித்துவிட்டு மலைக்குப் போய்ப் பாருங்கள். பிக்னிக் போனதுபோல இருக்காது.

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்ற எளிய வழி, அந்தப் பக்கத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறப்பது. பழைய லை, ணை எழுத்துகளிலும் கிரந்த எழுத்துகளிலும் தடுமாறும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் தமிழ் மின்னூலகத்தையும் பாருங்கள். ஊர் வரலாறு, தலபுராணம், பழைய இதழ்கள் என்று பெரிய குவியலே இருக்கிறது.

கல்வெட்டைப் படமெடுக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. செல்போன் போதும். நடுப்பகலில் எடுத்தால் எழுத்து தட்டையாகிவிடும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ எடுங்கள். நிழலான இடத்தில் ஒரு நண்பரை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கல் கெட்டுவிடும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை ஆன் செய்து வைத்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை படப் பைலுக்குள்ளேயே பதிவாகிவிடும். கவனிக்கவும்: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், படமும் சிறுத்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதனால் கோவில்களில் அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே படமெடுக்க வேண்டும்.

எடுத்த படங்களை விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நம் ஹார்ட் டிஸ்க் போனாலும் படம் போகாது. ஊரைப் பற்றி நல்ல வெப்சைட் கண்ணில் பட்டால், அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமித்து வையுங்கள். ஆர்வலர்கள் பலர் தம் ஊர்க் கோவில் பற்றி யாஹூ ஜியோசிட்டீஸில் பக்கம் வைத்திருந்தார்கள். 2009-ல் அது மூடப்பட்டபோது எத்தனையோ பக்கங்கள் போயின.

பெரியவர்களின் குரல்

புத்தகத்திலும் படத்திலும் கிடைக்காதது ஒன்று உண்டு. 1767-க்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார்? சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிடித்துக் கொண்டுபோகும் வழியில் சங்கரநாராயணரை வணங்க அனுமதி கேட்டார், உள்ளே போய்ப் பாடினார், விலங்குகள் தெறித்தன, ஒளியில் மறைந்துவிட்டார். அவர் மறைந்த இடம் என்று கோவிலுக்குள் ஓர் அறையையும் காட்டுவார்கள்.

இதை ஓர்மோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்கிலிட்டவர்களைப் பற்றிக் கம்பெனி தேதியோடு எழுதி வைத்தது. இவரைப் பற்றி ஊர்தான் கதையாகச் சொல்லி வைத்திருக்கிறது. கதையை வரலாறு என்று எழுதாமல், 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகவே செல்போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துகொண்டு வீட்டுத் தாத்தாவிடமும் ஆச்சியிடமும் உட்காருங்கள். பதிவு செய்யப் போவதை முன்பே சொல்லிவிடுங்கள். 'தாத்தா, கோட்டை எங்க இருந்துச்சு?' என்று கேட்டால் 'எல்லாம் அங்கதான்' என்று கையைக் காட்டுவார். அந்தக் கை ஒலிப்பதிவில் விழாது! 'நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஆடு மேய்க்க எந்த மேட்டுக்குப் போவீங்க? மழைத் தண்ணி எங்க தேங்கும்?' என்று கேளுங்கள், இடம் தானாக வரும். முடிந்தால் கூகுள் எர்த் படத்தை பிரின்ட் எடுத்துப்போய் விரலால் காட்டச் சொல்லுங்கள். பைல் பெயரில் ஊர், சொன்னவர், தேதி மூன்றும் இருக்கட்டும். 'நியூ ரெக்கார்டிங் 17' என்று விட்டுவிட்டால் அடுத்த வருடம் உங்களுக்கே அடையாளம் தெரியாது. ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.